கத்தரி வாடுது: கிளாஸா, பட்டியா, ஆய்வுகூடமா?

கச்சான் காற்று அடிக்கத் தொடங்கினால் எனக்கு வருகிற படங்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். இலையின் பச்சை மாறவில்லை, ஆனால் தலை தொங்கிப்போன ஒரு கத்தரிச் செடி. பக்கத்துச் செடி நிமிர்ந்து நிற்கும். நிலாவெளி, கும்புறுப்பிட்டி, குச்சவெளிப் பக்கம் கிணற்று நீரில் தோட்டம் செய்பவர்கள்தான் அதிகம் அனுப்புகிறார்கள். பெரும்போகத்தில் தம்பலகாமம், கிண்ணியா, மூதூர் வயல்களிலிருந்து வேறு படங்கள் வரும்: நுனியிலிருந்து ஓரம் ஓரமாக வைக்கோல் நிறத்துக்கு மாறிய நெல் இலை. கேட்பது மட்டும் மாறுவதில்லை. "இது பங்கசா, பற்றீரியாவா? கண்டிக்கு அனுப்பிப் பார்க்கவா, இல்லாட்டி கடையில கேட்டு மருந்தை அடிக்கவா?"

படத்தைப் பார்த்து மட்டும் நான் பதில் சொல்வதில்லை. வாடல் என்பது அறிகுறி. நோயின் பெயர் அல்ல. நீர்ப் பற்றாக்குறையிலும் செடி வாடும், வேர்முடிச்சுப் புழு இருந்தாலும் வாடும், பங்கசிலும் வாடும், பற்றீரியாவிலும் வாடும். வேறுபடுத்தி அறிய நம் திருகோணமலை மாவட்டத்துக் கமக்காரருக்கு எட்டக்கூடிய வழிகள் நான்கு இருக்கின்றன. எதை எடுப்பது என்று தடுமாறுகிறவர்களுக்காக அவற்றை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கிறேன்.

## எதை வைத்து அளப்பது

முதலில் கேட்க வேண்டியது, இந்தச் சோதனை எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது என்பது. "பற்றீரியாவா, இல்லையா" ஒரு கேள்வி. "எந்தப் பற்றீரியா" அடுத்தது. "அதற்குள் எந்த வகை" மூன்றாவது. ஒவ்வொரு படி ஏறும்போதும் நாளும் காசும் கூடும்.

இரண்டாவது, பதில் வர எத்தனை நாள் எடுக்கும் என்பது. வாடல் நோய் பாத்தியிலிருந்து பாத்திக்கு வாய்க்கால் தண்ணீரோடு போகிறது. நாம் பதிலுக்குக் காத்திருக்கும் நாட்களில் அது காத்திருக்காது.

மூன்றாவது செலவு. பற்றுச்சீட்டில் எழுதும் தொகையோடு பஸ், ஒரு நாள் வேலை இழப்பு, கெட்டுப்போகும் மாதிரி எல்லாவற்றையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நான்காவது, அது எப்போது பிழையாகச் சொல்லும் என்பது. பிழைக்காத சோதனை கிடையாது. பிழைக்கிற இடத்தைத் தெரிந்து வைத்திருந்தால் போதும்.

ஐந்தாவதைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன்: பதில் வந்ததும் நீங்கள் செய்யப்போவது மாறுமா? எந்தப் பதில் வந்தாலும் அதே வேலையைத்தான் செய்யப்போகிறீர்கள் என்றால் அந்தச் சோதனைக்குக் காசு கட்டத் தேவையில்லை.

## வழி ஒன்று: கத்தியும் கிளாஸ் தண்ணீரும்

கும்புறுப்பிட்டியில் மாமி முறையான ஒருவரின் கத்தரித் தோட்டம். காய் பிடிக்கிற நேரத்தில் செடிகள் விழத் தொடங்கின. வேரழுகல் என்று சொல்லிக் கடையில் ஒரு பங்கசுநாசினித் தூள் கொடுத்திருக்கிறார்கள். அடியில் இரண்டு தரம் ஊற்றிவிட்டார். நான் போன அன்று ஆறாவது செடி விழுந்திருந்தது.

அன்று காலையில் வாடத் தொடங்கிய ஒரு செடியை எடுத்தோம். அழுகிப்போன பழைய செடி இதற்கு உதவாது. மண்மட்டத்துக்குச் சற்று மேலே ஒரு விரல் நீளத் தண்டை வெட்டினேன். வெட்டுமுகத்தில் மையத்தைச் சுற்றி மண்ணிற வளையம் தெரிந்தது. தெளிந்த தண்ணீர் நிறைந்த கிளாஸில், வெட்டுமுகம் மட்டும் தண்ணீரில் படும்படி தண்டைத் தொங்கவிட்டு, ஆட்டாமல் வைத்தோம். இரண்டு நிமிடம் ஆகவில்லை. வெட்டுமுகத்திலிருந்து நூல் போல வெள்ளையாக ஒன்று நேர் கீழே இறங்கியது. பிறகு இன்னொன்று. மாமி கிளாஸை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். "சாம்பிராணிப் புகை தலைகீழா இறங்குற மாதிரிக் கிடக்கு, தம்பி" என்றார்.

அந்த நூல், தண்டின் நீர்க்குழாய்களுக்குள் கோடிக்கணக்கில் பெருகிக் குழாயை அடைத்துக்கொண்டிருந்த பற்றீரியாக்களும் அவை சுரக்கும் பசையும்தான். பங்கசு வாடலில் இந்த நூல் இறங்காது. தண்டுக்குள் மண்ணிறம் மட்டும் இருந்தால் போதாது, பியூசேரியம் என்ற பங்கசால் வரும் வாடலிலும் அது உண்டு. ஆனால் பியூசேரியத்தில் கீழ் இலைகள் மெல்ல மஞ்சளாகும், பெரும்பாலும் ஒரு பக்கம் முதலில். பற்றீரியா வாடலில் இலை பச்சையாகவே சரிந்துவிடும். முதல் ஓரிரு நாள் வெயிலுக்கு வாடி, பின்னேரம் நிமிர்ந்து ஏமாற்றும். தண்டடியில் வெள்ளை நூலிழையும் கடுகு மணி போன்ற உருண்டைகளும் இருந்தால் அது இன்னொரு பங்கசு. நம் மணல் தோட்டங்களில் அதையும் பார்க்கலாம். அதற்குக் கிளாஸே தேவையில்லை.

நெல்லுக்கும் இதே முறைதான். பற்றீரியா இலை வெளிறல் என்று சந்தேகித்தால், வாடிய பகுதியும் பச்சைப் பகுதியும் சந்திக்கும் இடத்தில் இலையை வெட்டித் தண்ணீரில் வைத்தால் தண்ணீர் பால் கலங்கும். இளம் பயிர் முழுதாகக் காய்ந்துபோனால் தண்டு துளைப்பானா என்ற சந்தேகம் வரும். அப்போது நடுக்குருத்தை இழுத்துப் பாருங்கள். துளைப்பான் தின்ற குருத்து இலேசாகக் கையோடு வரும். பற்றீரியா என்றால் வராது; அடியைப் பிசைந்தால் மஞ்சள் கலந்த பசை கசியும்.

மறைந்த செலவு: காசு இல்லை, ஆனால் கவனம் வேண்டும். அந்தக் கிளாஸ் தண்ணீர் இப்போது நோய் நிறைந்த தண்ணீர். அதைப் பாத்தியோரம் ஊற்றாமல் கொதிக்க வைத்துவிட்டுக் கொட்டுங்கள். கத்தியைப் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் கழுவுங்கள்.

எங்கே பிழைக்கும்: அழுகிய தண்டில் சும்மா வந்து குடியேறிய பற்றீரியாவும் தண்ணீரைக் கலக்கும். நூலாக இறங்காமல் பொதுவாகக் கலங்கினால் நம்பாதீர்கள், புதிய செடியில் திரும்பச் செய்யுங்கள். அடுத்த குறை பெரியது: இன்னும் வாடாத செடியில் பற்றீரியா குறைவாக இருக்கும்போது நூல் இறங்காது. ஆகையால் நாற்று வாங்கும்போது இந்தச் சோதனையை நம்பிக் கை நீட்ட முடியாது.

எப்போது இதுவே போதும்: தோட்டத்தில் செடி விழுந்துகொண்டிருக்கிறது, இன்றைக்கே ஒரு முடிவு வேண்டும் என்றால். நூல் இறங்கியதும் மாமிக்கு நான் சொன்னவை எந்த ஆய்வுகூடம் போனாலும் மாறியிராது. பங்கசுநாசினியை நிறுத்துங்கள். விழுந்த செடியை வேரடி மண்ணோடு எடுத்து அப்புறப்படுத்துங்கள். அந்தப் பாத்தியைத் தாண்டி அடுத்ததுக்குத் தண்ணீர் ஓட விடாதீர்கள். மண்வெட்டியைக் கழுவாமல் நல்ல பாத்திக்குக் கொண்டு போகாதீர்கள். அடுத்த போகம் அந்த இடத்தில் கத்தரி, தக்காளி, கொச்சிக்காய், உருளைக்கிழங்கு வேண்டாம். சோளமோ வெங்காயமோ போடலாம். "அப்ப கச்சான் கடலை?" என்று கேட்டார். நல்ல கேள்வி. கச்சானும் இந்த நோய்க்கு இடம் கொடுக்கும் பயிர்தான். இருநூறுக்கும் மேற்பட்ட தாவர இனங்களில் இது வாழும்.

## வழி இரண்டு: சோதனைப் பட்டி

கொரோனாக் காலத்தில் அன்டிஜன் பட்டி எல்லோருக்கும் பழகிவிட்டது. பயிர் நோய்க்கும் அதே அமைப்பில் பட்டிகள் இருக்கின்றன. தண்டுத் துண்டை அதற்கான திரவத்தில் நசித்து, பட்டியை வைத்தால் சில நிமிடத்தில் கோடு விழும். இரண்டு கோடு என்றால் தேடிய பற்றீரியா இருக்கிறது.

கிளாஸ் "பற்றீரியா" என்று மட்டும் சொல்லும். பட்டி ஒரு படி மேலே போய், ரல்ஸ்டோனியா என்று, கத்தரியையும் தக்காளியையும் இப்படி வாடவைக்கும் பற்றீரியாவின் பெயரையே சொல்லும். அதற்குள் எந்த வகை என்று கேட்டால் அதற்குத் தெரியாது.

மறைந்த செலவு: இவை இறக்குமதிப் பொருள்கள். ஒவ்வொரு நோய்க்கும் தனிப் பட்டி. பெரும்பாலும் பெட்டியாக வாங்க வேண்டும், காலாவதித் திகதி உண்டு, குளிர்ச்சியில் வைக்க வேண்டும். ஒரு கமக்காரர் தனக்கென்று வாங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

எங்கே பிழைக்கும்: கிளாஸ் பிழைக்கிற அதே இடத்தில். நோய் வெளியே தெரியாத நாற்றில் பற்றீரியா மிகக் குறைவாக இருந்தால் கோடு விழாது.

எப்போது நல்லது: ஒரே நாளில் பல தோட்டம் பார்க்கிற விவசாயப் போதனாசிரியருக்கு, தண்டு அழுகிக் கிளாஸில் முடிவு தெளிவாக வராத மாதிரிக்கு, நாற்றுமேடை நடத்துகிறவருக்கு.

## வழி மூன்று: ஆய்வுகூடத்தில் வளர்த்துப் பார்ப்பது

நம்மவர் "கண்டிக்கு அனுப்புறது" என்று சொல்வது பேராதனையை அடுத்த கன்னொறுவையில் உள்ள கமத்தொழில் திணைக்கள ஆராய்ச்சி நிறுவனத்தை. கிழக்கிலேயே வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழக விவசாய பீடம் இருக்கிறது. எங்கும் அனுப்பமுன் உங்கள் கமநல சேவை நிலையத்துக்கு வரும் போதனாசிரியரைக் கேளுங்கள், அல்லது 1920 என்ற திணைக்கள இலக்கத்துக்கு எடுத்துப் பேசுங்கள். பயிர்ச் சிகிச்சை நிலையம் நடக்கும் நாள் தெரிந்தால் செடியையே அங்கே கொண்டுபோகலாம்.

ஆய்வுகூடத்தில் தண்டின் கசிவை எடுத்து வளர்ப்பூடகத்தில் (பற்றீரியா வளர்வதற்கான சத்துக் கூழ் ஊற்றிய தட்டில்) கோடு கோடாக இழுத்து விடுவார்கள். ரல்ஸ்டோனியாவுக்கு, கெல்மன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1954இல் தந்த டெட்ராசோலியம் கலந்த ஊடகம் இன்றும் பாவனையில் இருக்கிறது. சுமார் 28 பாகை வெப்பத்தில் இரண்டு மூன்று நாளில் கொலனிகள், அதாவது கண்ணுக்குத் தெரியும் பற்றீரியாத் திட்டுகள், எழும். நோய் உண்டாக்கும் வீரியம் உள்ளவை ஒழுங்கற்ற வடிவில், பால் போல வழிந்து, நடுவில் இளஞ்சிவப்பாக இருக்கும். வீரியம் இழந்தவை சின்னதாய், வட்டமாய், கருஞ்சிவப்பாய் இருக்கும். ஒரே தட்டில் இரண்டையும் அருகருகே ஒரு முறை பார்த்தவர் பிறகு மறக்கமாட்டார்.

கூடவே ஓர் எளிய சோதனை: 3% பொற்றாசியம் ஐதரொட்சைட்டுத் துளியில் கொலனியைக் கலந்து குச்சியை மெல்லத் தூக்கினால், கிராம் எதிர்ப் பற்றீரியா (கிராம் என்ற சாயச் சோதனையில் ஊதா நிறத்தைப் பிடித்து வைக்காத வகை) என்றால் சளி போல் நூலாக எழும். ரல்ஸ்டோனியா, நெல்லைத் தாக்கும் சந்தோமோனாஸ், வெங்காயத்தையும் கிழங்கையும் அழுகவைக்கும் பெக்டோபற்றீரியம் மூன்றுமே கிராம் எதிர்தான். அந்தக் கரைசல் தோலைச் சுடும், வீட்டில் முயல வேண்டாம். வெங்காய அழுகலுக்கு வீட்டில் செய்யக்கூடியது வேறு இருக்கிறது: சுத்தமாகக் கழுவி வெட்டிய உருளைக்கிழங்குத் துண்டின் மேல் அழுகலின் ஓரத்துச் சதையை வைத்து ஈரமாக மூடி வைத்தால், மென்னழுகல் பற்றீரியா ஒன்றிரண்டு நாளில் அந்தத் துண்டையும் கூழாக்கிவிடும். மணமே சொல்லும்.

மறைந்த செலவு: இதில்தான் நான் அடிபட்டேன். ஒரு முறை தக்காளித் தண்டுகளை ஈரத்தோடு சொப்பிங் பையில் இறுக்கிக் கட்டி வெள்ளிக்கிழமை அனுப்பினேன். பொதி திங்கட்கிழமைதான் திறக்கப்பட்டது. உள்ளே இருந்தது கூழ். "கலப்பு வளர்ச்சி, நோய்க்காரணி பிரித்தெடுக்க முடியவில்லை" என்று பதில் வந்தது. பத்து நாள் போனது. அதற்குள் அந்தத் தோட்டக்காரர் பாதித் தோட்டத்தை இழந்திருந்தார். கிளாஸ் சோதனையின் முடிவை வைத்து அன்றே பாத்தியை ஒதுக்கச் சொல்லியிருக்க வேண்டும். அறிக்கைக்காகக் காத்திருந்தது என் தவறு.

எங்கே பிழைக்கும்: சில பற்றீரியாக்களை ஊடகத்தில் வளர்க்கவே இயலாது. கத்தரியில் இலைகள் குறுகிக் குறுகிப் பூங்கொத்து மாதிரித் தோன்றும் சிற்றிலை நோயும், எள்ளில் பூ இலையாக மாறும் நோயும் பைற்றோபிளாஸ்மா என்ற, கலச்சுவர் இல்லாத பற்றீரியாவால் வருபவை. தத்திப் பூச்சிகள்தான் பரப்புகின்றன. தட்டில் ஒன்றும் முளைக்காது, கிளாஸிலும் நூல் இறங்காது. நல்ல காலம், இவற்றைக் கண்ணால் பார்த்தே செடியைப் பிடுங்கலாம்.

எப்போது நல்லது: ஊரில் முன்பு காணாத அறிகுறி தெரியும்போது. பல தோட்டங்களில் ஒரே நேரத்தில் தொடங்கும்போது. விதையிலோ நாற்றிலோ வந்தது என்று சந்தேகித்து, யாரிடமாவது பொறுப்புக் கேட்க வேண்டியிருக்கும்போது.

## வழி நான்கு: பி.சி.ஆர்., மரபணு வரிசை

இது பற்றீரியாவின் டி.என்.ஏ.யைப் பெருக்கிப் பார்த்து, பெயருக்குள் பெயர் தேடும் வழி. எதற்கு இவ்வளவு தூரம் போக வேண்டும் என்று விளங்க, இந்தப் பற்றீரியாவின் பெயர் மாறிய கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

1896இல் அமெரிக்க ஆய்வாளர் எர்வின் சிமித் இதைப் பசில்லஸ் சொலனாசியாரம் என்று விவரித்தார். பின்னர் சூடோமோனாஸ் ஆனது. 1992இல் பேர்க்ஹோல்டேரியா, 1995இல் ரல்ஸ்டோனியா. பழைய புத்தகத்தில் ஒரு பெயரும் புதிய அறிக்கையில் இன்னொரு பெயரும் இருந்தால் இரண்டு நோய் என்று பயப்பட வேண்டாம். இந்தக் கடைசிப் பெயர்கள் வருமுன்பே இதை எந்தப் பயிரைத் தாக்குகிறது என்று பார்த்து ஐந்து ‘ரேஸ்’களாகவும், எந்தச் சீனியைப் பயன்படுத்துகிறது என்று பார்த்து ‘பயோவார்’களாகவும் பிரித்தார்கள். வசதியான பிரிப்பு, ஆனால் உறவுமுறையைச் சரியாகக் காட்டவில்லை. மரபணு பார்க்கத் தொடங்கிய பிறகு நான்கு ‘பைலோடைப்’ என்று பிரிந்தது: முதலாவது ஆசியா, இரண்டாவது அமெரிக்கா, மூன்றாவது ஆபிரிக்கா, நான்காவது இந்தோனேசியாவும் அதன் சுற்றுப்புறமும். 2014இல் இதையே மூன்று இனங்களாக்கினார்கள். ஒன்றும் மூன்றும் சேர்ந்து ரல்ஸ்டோனியா சூடோசொலனாசியாரம். இரண்டாவது மட்டும் பழைய பெயரோடு நின்றது. நான்காவது ரல்ஸ்டோனியா சிசீஜீ. பைலோடைப் பார்க்கும் பி.சி.ஆரில் பெருகிய டி.என்.ஏ. துண்டின் நீளம் 144 காரச்சோடி என்றால் ஆசிய வகை, 372 என்றால் அமெரிக்க வகை.

நெல்லில் இன்னொரு பாடம் இருக்கிறது. சந்தோமோனாஸ் ஒரைசே என்ற ஒரே இனத்துக்குள் இரண்டு நோய்வகைகள். ஒன்று இலை ஓரத்து நீர்த்துளைகளால் நுழைந்து நரம்புக்குள் ஓடி, ஓரத்தை வெளிற வைக்கிறது. மற்றது இலைத்துளைகளால் நுழைந்து நரம்புகளுக்கு இடையில் மட்டும் மெல்லிய கீற்றாகப் படர்கிறது. இனப்பெயர் ஒன்று, நோய் இரண்டு. அதனால்தான் அறிக்கையில் இனப்பெயருக்குப் பின்னால் வரும் நோய்வகைப் பெயரையும் வாசிக்கச் சொல்கிறேன்.

மறைந்த செலவு: கட்டணம் மட்டுமில்லை, கேள்வியைச் சரியாகக் கேட்கத் தெரிந்த ஒருவர் வேண்டும். பி.சி.ஆர். தேடச் சொன்னதை மட்டும் தேடும். ரல்ஸ்டோனியாவைத் தேடச் சொன்னால் பக்கத்தில் இருக்கும் பங்கசைக் காட்டாது.

எங்கே பிழைக்கும்: செத்துப்போன பற்றீரியாவின் டி.என்.ஏ.யையும் காட்டும். மண்ணில் உள்ள சில பொருள்கள் வினையைத் தடுத்து, இருப்பதை இல்லை என்றும் காட்டும்.

எப்போது நல்லது: தேசிமரத்துக்கு. இலை மஞ்சளாகிறது, நாகச் சத்துக் (துத்தநாகம்) குறைபாடா, பற்றீரியாவால் வரும் பசுமையாதல் நோயா? நடு நரம்பின் இரு பக்கமும் மஞ்சள் ஒரே மாதிரி இருந்தால் குறைபாடு என்று முதலில் நினைக்கலாம். இரு பக்கமும் ஒத்துப்போகாமல் திட்டுத் திட்டாக இருந்தால் நோய்ச் சந்தேகம். அந்தப் பற்றீரியாவை வழக்கமான ஊடகத்தில் வளர்க்க முடியாது, பி.சி.ஆர்.தான் வழி. பல வருடம் நிற்கப்போகும் மரத்துக்கு இந்தச் செலவு தகும். ஒட்டுக்கன்று உற்பத்தி செய்கிறவருக்கும் தகும்: சுண்டங்கத்தரியை அடிக்கட்டையாக வைத்துக் கத்தரியை ஒட்டினால் வாடலைத் தாங்கும் என்பது பல இடங்களில் கண்ட உண்மை, ஆனால் ஓர் அடிக்கட்டை எல்லா வகையையும் ஒரே அளவில் தாங்காது.

## ஒரே பார்வையில்

| வழி | சொல்லும் பதில் | நேரம் | கவனிக்காமல் விடும் செலவு | கைவிடும் இடம் |
|---|---|---|---|---|
| கிளாஸ் தண்ணீர் | பற்றீரியா வாடலா | 5 நிமிடம் | தண்ணீர், கத்தி மூலம் பரவல் | வாடாத நாற்று, அழுகிய தண்டு |
| பட்டி | குறித்த பற்றீரியாவா | சில நிமிடம் | பெட்டி, குளிர்ச்சி, காலாவதி | குறைந்த அளவுத் தொற்று |
| வளர்ப்பு | எந்தப் பற்றீரியா, வீரியம் உண்டா | நாட்கள் முதல் வாரங்கள் | பயணம், கெடும் மாதிரி | வளராத பற்றீரியாக்கள் |
| பி.சி.ஆர். | இனம், வகை | ஆய்வுகூடத்தில் சில மணித்தியாலம். அனுப்பிப் பெற நாட்கள் | கட்டணம், சரியான கேள்வி | இறந்த டி.என்.ஏ., தேடாத நோய் |

## என் தெரிவு

சொந்தத் தோட்டத்தில் கத்தரி, தக்காளி, கொச்சிக்காய் விழுந்தால் கிளாஸ், அன்றே. நூல் இறங்காவிட்டால் வேரைக் கழுவி முடிச்சுப் பாருங்கள், தண்டடியில் கடுகு மணி பாருங்கள். அப்போதும் விளங்காவிட்டால் பயிர்ச் சிகிச்சை நிலையம். மருந்துக்கடைக்குப் போவது இவை எல்லாவற்றுக்கும் பிறகு. குத்தகைக்கு நிலம் எடுப்பவர் சோதனைக்குக் காசு தேட முன், போன இரண்டு மூன்று வருடம் அங்கே என்ன பயிர் இருந்தது, வாடி விழுந்ததா என்று பக்கத்து வளவுக்காரரைக் கேளுங்கள். நாற்று விற்பவர்கள் ஆய்வுகூடத்தைத் தவிர்க்கக் கூடாது. அவர்களிடமிருந்து போகும் ஒரு தட்டு நாற்று பல ஊர்களுக்குப் போகிறது.

அனுப்புவதென்றால் இப்படி அனுப்புங்கள். வாடத் தொடங்கிய, சாகாத செடி மூன்று, வேரோடு. மண்ணைத் தட்டிவிட்டு, கழுவாமல், உலர்ந்த பத்திரிகைத் தாளில் தனித்தனியாகச் சுற்றுங்கள். பொலித்தீனில் போட்டால் துளை இடுங்கள். உறையவைக்க வேண்டாம், பஸ்ஸில் வெயில் விழும் பக்கம் வைக்கவும் வேண்டாம். திங்கள் அல்லது செவ்வாயில் அனுப்புங்கள். தாளில் பென்சிலால் எழுதுங்கள்: ஊர், பயிர், வர்க்கம், நட்ட திகதி, முதல் செடி விழுந்த திகதி, இதுவரை ஊற்றிய மருந்துகளின் பெயர். கிளாஸில் நூல் இறங்கியதா, எத்தனை நிமிடத்தில் என்பதையும் எழுதிவிடுங்கள். ஆய்வுகூடத்தில் எதை முதலில் தேடுவது என்று அந்த ஒரு வரியே சொல்லிவிடும்.